அறுபது நாள்தான் அவகாசம், எழுங்கள் தோழர்களே!



இன்று இரவே உங்கள் கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட்டைத் திறந்து வரி வரியாகப் படியுங்கள். அடியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்துக் கட்டிவிட்டு மூடிவைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். எங்கும் எதையும் வாங்கியதாக நினைவில்லாத ஒரு பெயர், பாதியில் வெட்டுப்பட்டு, 800 என்று தொடங்கும் தொலைபேசி எண்ணோடு நிற்கிறதா? எதிரே 14.95 டாலரோ 39.95 டாலரோ பதிவாகியிருக்கிறதா? போன மாத ஸ்டேட்மெண்ட்டையும் எடுங்கள். அதிலும் அதே தொகை இருந்தால், உங்கள் உழைப்பில் ஒருவன் மாதா மாதம் கைவைத்துக்கொண்டிருக்கிறான். அவனைத் தடுக்க அமெரிக்கச் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் அவகாசம் 60 நாள். அந்தத் தவறான வரி முதன்முதலாக இடம்பெற்ற ஸ்டேட்மெண்ட் உங்களுக்கு அனுப்பப்பட்ட நாளிலேயே கணக்கு தொடங்கிவிட்டது.

நியூ ஜெர்சியிலும் டல்லாஸிலும் சான் ஹோசேயிலும் அட்லாண்டாவிலும் உழைத்துப் பிழைக்கும் தமிழர்களை நோக்கி எழுதுகிறேன். தபாலில் வரும் விளம்பரத் தாள், தொலைக்காட்சியில் ஓடும் எண், கைப்பேசியில் மின்னும் சலுகை என்று எந்த வடிவில் வந்தாலும் பேச்சு ஒன்றுதான். பொருள் இலவசம், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது, அதற்குக் கார்டு எண்ணைக் கொடுங்கள். கொடுத்தோம். மாத்திரையோ முகப்பூச்சோ ஒரு பெட்டி வந்தது. அடுத்த மாதம் கேட்காமலேயே இன்னொரு பெட்டி வந்தது. அதற்கடுத்த மாதம் பெட்டிகூட வரவில்லை, பணம் மட்டும் போனது. நம்மில் பெரும்பாலோர் அதோடு நிறுத்திக்கொள்கிறோம். "சரி போகட்டும், பதினைந்து டாலர்தானே" என்று விட்டுவிடுகிறோம். அந்த ஒற்றை வாக்கியத்தின் மேல்தான் இந்த வியாபாரம் முழுவதும் நிற்கிறது.

இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. அமெரிக்க நீதிமன்றப் பதிவுகளைப் படித்தவர்கள் எவரும் இதைத்தான் சொல்வார்கள். அவற்றில் ஒரு வழக்கை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் பெர்க்லி பிரீமியம் நியூட்ராசூட்டிகல்ஸ் என்ற நிறுவனம் இருந்தது. நடத்தியவர் ஸ்டீவன் வார்ஷாக். 2001-இல் என்ஸைட் என்ற ஆண்மை மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். எப்போதும் இளித்தபடி இருக்கும் "ஸ்மைலிங் பாப்" என்ற பாத்திரம் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் இரவு பகலாக வந்துபோனது. மாத்திரையை உருவாக்கியவர்கள் என்று விளம்பரத்தில் காட்டப்பட்ட மருத்துவர்கள் உலகத்தில் எங்கும் இல்லாதவர்கள். வாடிக்கையாளர் திருப்தி குறித்து அச்சிட்ட ஆய்வு முடிவுகள் அலுவலக மேசையில் உட்கார்ந்து எழுதப்பட்டவை. 2004 வாக்கில் ஏறத்தாழ 1,500 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். ஆண்டு வருமானம் 25 கோடி டாலரை எட்டியது.

அந்தப் பணம் மாத்திரையின் குணத்தால் வந்துவிடவில்லை. 30 நாள் இலவச மாதிரி என்று கேட்டவர் அனுப்பும் செலவுக்காகக் கார்டு எண்ணைத் தருவார். அந்தக் கணத்திலேயே அவர் பெயர் "ஆட்டோ ஷிப்" பட்டியலில் ஏறிவிடும். தானாகச் சரக்கு போகும், தானாகப் பணம் வரும். தொடக்கத்தில் இப்படி ஒரு திட்டம் இருப்பதே வாடிக்கையாளருக்குச் சொல்லப்படவில்லை. புகார்கள் குவிந்த பிறகு, கண்ணில் படாத பொடி எழுத்திலும் காதில் ஏறாத வேகப் பேச்சிலும் சொன்னதாகக் கணக்குக் காட்டினார்கள். நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டவர்களை அலைக்கழித்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டவரிடம், மாத்திரையால் உடலில் எந்த வளர்ச்சியும் ஏற்படவில்லை என்று மருத்துவர் எழுதி நோட்டரி முத்திரை வைத்த சான்றிதழ் கேட்கச் சொன்னதாக நிறுவனத்தின் முன்னாள் அதிகாரியே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். எந்த ஆண் போய் அப்படி ஒரு தாளை வாங்கிவருவான்? அவர்கள் விற்றது மாத்திரை. அவர்கள் முதலாகப் போட்டதோ மனிதனின் கூச்சத்தை.

தோழர்களே, இனி நான் சொல்லப்போவதுதான் இந்த அறைகூவலின் உயிர். ஊன்றிப் படியுங்கள்.

இவ்வளவு துணிந்த அந்த நிறுவனம் ஒன்றே ஒன்றுக்கு நடுங்கியது. வாடிக்கையாளர் தன் வங்கியிடம் "இந்தத் தொகை என்னுடையதல்ல" என்று எழுதினால், வங்கி அந்தப் பணத்தை வியாபாரியின் கணக்கிலிருந்து திரும்ப எடுக்கும். சார்ஜ்பேக் என்று இதைச் சொல்கிறார்கள். ஒரு வியாபாரியின் விற்பனைகளில் இப்படித் திரும்புவது நூற்றுக்கு ஒன்றை ஒட்டிப் போனாலே அந்நாளில் கார்டு நிறுவனங்கள் அவனைக் கண்காணிப்பில் வைத்தன. மேலும் ஏறினால் அபராதம், அதன்பின் கார்டு வாங்கும் உரிமையே பறிபோகும். பெர்க்லி நிறுவனத்துக்கு அது நேர்ந்தது. 2002-இன் தொடக்கத்தில், சார்ஜ்பேக் மிகுந்துபோனதால் ஒரு வங்கி அவர்கள் கணக்கை மூடியது. உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? வார்ஷாக்கின் பெயரை மறைத்து, பொய்யான விவரங்களோடு மற்ற வங்கிகளில் விண்ணப்பம் போட்டார்கள். ஒரே விற்பனையின் தொகையை இரண்டாக, மூன்றாகத் துண்டு போட்டுக் கார்டில் ஏற்றினார்கள். விற்பனை எண்ணிக்கை செயற்கையாக ஏறினால் சார்ஜ்பேக் விழுக்காடு இறங்கித் தெரியும் அல்லவா? அந்தக் கணக்குக்காகத்தான் இத்தனை பாடு.

யோசித்துப் பாருங்கள். காவல் துறைக்கு அவர்கள் இப்படி ஒளியவில்லை. பத்திரிகைகளுக்கு ஒளியவில்லை. நூறு பேரில் ஒரே ஒருவர் எழுதும் ஒரு கடிதத்துக்கு ஒளிந்தார்கள். மிச்சமிருந்த தொண்ணூற்றொன்பது பேரில் ஏமாந்தவர்கள் எல்லாரும் எழுதியிருந்தால் அந்தக் கடை ஒரு மாதம் தாங்கியிருக்குமா?

2008 பிப்ரவரியில் தபால் மோசடி, வங்கி மோசடி, கறுப்புப் பண மாற்றம் ஆகிய குற்றங்களுக்காக ஜூரி வார்ஷாக்கைக் குற்றவாளி என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் 25 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 45 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைப் பறிமுதல் செய்ய உத்தரவானது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 டிசம்பரில் குற்றத் தீர்ப்பை உறுதிசெய்தது. தண்டனைக் காலம் மட்டும் பின்னர் குறைந்தது. சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கை வேறு காரணத்துக்காகப் படிக்கிறார்கள். வாரண்ட் இல்லாமல் ஒருவருடைய மின்னஞ்சலை அரசு எடுக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதுவும் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கார்டு வைத்திருக்கும் எளிய மனிதர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சார்ஜ்பேக் என்ற அந்த அச்சத்தை.

ஒரு அயோக்கியன் மாட்டினான், கதை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். இந்தத் தந்திரம் அவனோடு பிறந்ததும் இல்லை, அவனோடு செத்ததும் இல்லை. 1926-இல் நியூயார்க்கில் தொடங்கிய "புக் ஆஃப் தி மந்த் கிளப்" காலத்திலிருந்தே வாடிக்கையாளரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் முறை இருக்கிறது. இந்த மாதப் புத்தகம் வேண்டாம் என்றால் அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் புத்தகமும் பில்லும் வீடு தேடி வரும். 1955-இல் தொடங்கிய கொலம்பியா இசைத்தட்டு கிளப்பும் அதே வழியில் நடந்தது. ஆனாலும் அந்தக் காலத்து வியாபாரி பில் அனுப்பிவிட்டுக் காசோலைக்குக் காத்திருக்க வேண்டும். கட்ட மறுக்கும் பிடி நம் கையில் இருந்தது. 1973-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. இந்தக் கிளப்புகளுக்கு விதி வகுத்தது. பொருளை அனுப்புவதற்கு முன்னால் வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும், வேண்டாம் என்று சொல்லப் போதிய நாள் தர வேண்டும். கார்டு எண்ணைக் கோப்பில் வைத்துக்கொள்ளும் காலம் வந்ததும் நிலைமை தலைகீழானது. இப்போது பணம் முதலில் போய்விடுகிறது. கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் நாம் நிற்கிறோம்.

கார்டு எண்ணை அவர்களிடம் நாம் தரவே இல்லை என்றாலும் பணம் போயிருக்கிறது, தோழர்களே. 1999-இல் மின்னசோட்டா மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் மைக் ஹாட்ச், யூ.எஸ். பாங்க் மீது வழக்குத் தொடுத்தார். வாடிக்கையாளர்களின் தகவல்களை மெம்பர்ஒர்க்ஸ் என்ற உறுப்பினர் திட்ட நிறுவனத்துக்கு அந்த வங்கி விற்றது என்பது குற்றச்சாட்டு. 40 லட்சம் டாலரும் அதற்கு மேல் விற்பனையில் 22 விழுக்காடு கமிஷனும் அதற்கு விலை. தொலைபேசியில் கூப்பிட்டு "30 நாள் சும்மா பாருங்கள்" என்பார்கள். "சரி, தாளை அனுப்புங்கள்" என்று நாகரிகத்துக்குச் சொன்னவர் கணக்கிலும் கட்டணம் ஏறியது. அவர் எண்ணைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, வங்கி ஏற்கெனவே கொடுத்துவிட்டது. நம் பணத்துக்குக் காவல் நிற்கும் வங்கியே சாவியை விற்ற கதை இது. பல லட்சம் டாலர் கொடுத்து அந்த வழக்கை வங்கி முடித்துக்கொண்டது. விளம்பர வியாபாரத்துக்காகக் கணக்கு எண்களை வங்கிகள் பிறருக்குத் தரக் கூடாது என்று அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் செய்தது.

வங்கியின் கதவை மூடினார்கள். வியாபாரிகள் இணையக் கடைகளின் கதவைத் திறந்துகொண்டார்கள். பூவோ சினிமா டிக்கெட்டோ வாங்கி முடிக்கும்போது "அடுத்த முறை 10 டாலர் தள்ளுபடி வேண்டுமா?" என்று ஒரு பெட்டி எழும். பொத்தானைத் தட்டியதும், நீங்கள் கடைக்குக் கொடுத்த கார்டு எண் முன்பின் தெரியாத இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாறும். 2009-இல் செனட்டர் ஜே ராக்பெல்லர் தலைமையிலான செனட் வர்த்தகக் குழு இதைத் தோண்டியது. அஃபினியன், வெர்ட்ரு, வெப்லாயல்டி என்று மூன்று நிறுவனங்கள். அதில் வெர்ட்ரு வேறு யாருமில்லை, பெயர் மாற்றிக்கொண்ட பழைய மெம்பர்ஒர்க்ஸ்தான். 450-க்கும் மேற்பட்ட இணையக் கடைகள் கூட்டு. சுரண்டிய தொகை 140 கோடி டாலருக்கும் மேல். தங்களிடம் உறுப்பினர்களாக இருப்பவர்களுக்கே அந்தச் செய்தி தெரியாது என்பதை அந்த நிறுவனங்களின் ஊழியர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் என்று செனட் குழுவின் அறிக்கை காட்டியது. அதன் விளைவாக 2010 டிசம்பர் 29-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், ரோஸ்கா என்று சுருக்கிச் சொல்லப்படுவது, மூன்று கடமைகளை இணைய வியாபாரிகள் மேல் சுமத்தியது. கார்டு எண் வாங்குமுன் நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் தெரிந்து, வெளிப்படையாகச் சம்மதிக்க வேண்டும். நிறுத்துவதற்கு எளிய வழி இருக்க வேண்டும்.

அந்தச் சட்டத்துக்கு வலு இருக்கிறது. 2025 செப்டம்பரில் அமேசான் நிறுவனம் பிரைம் சந்தா வழக்கில் 250 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. குற்றத்தை ஏற்காமலேயே ஒத்துக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் 150 கோடி வாடிக்கையாளருக்குத் திரும்புவது. சந்தாவை நிறுத்தும் வழிக்கு அந்த நிறுவனத்துக்குள்ளேயே "இலியட்" என்று பெயர் வைத்திருந்தார்களாம். பத்தாண்டுப் போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர் அது. நிறுத்துவது எத்தனை நீண்ட பாதை என்று கட்டியவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆனால் தோழர்களே, அதே 2025-இல் நமக்கு ஒரு பெரிய அடியும் விழுந்தது. எஃப்.டி.சி. 2024 அக்டோபரில் புதிய விதியை அறிவித்திருந்தது. சேர்வது எவ்வளவு எளிதோ, விலகுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இணையத்துக்கு மட்டுமின்றி, தபால், தொலைபேசி, நேர் விற்பனை என்று எல்லா வழிக்கும் அது பொருந்தியிருக்கும். நடைமுறைக்கு வர ஒரு வாரம்கூட இல்லாத நிலையில், ஜூலை 8-ஆம் தேதி எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. விதியின் நியாயத்தில் குறை கண்டு எறியவில்லை. 10 கோடி டாலருக்கு மேல் பொருளாதாரத் தாக்கம் உள்ள விதிக்குச் செய்ய வேண்டிய முன் ஆய்வை ஆணையம் முறைப்படி செய்யவில்லை என்பது காரணம். நடைமுறைப் பிழை ஒன்றுக்காக நம் கேடயம் போனது. தீர்ப்பைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நம் ஊரை நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் ஒரு விதியை அமல்படுத்தியது. மாதாந்திரத் தொகை எதையும் கார்டில் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். முதலில் பதியும்போது ஓ.டி.பி. போன்ற கூடுதல் உறுதிப்படுத்தல் வேண்டும். வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்தலாம். தொடங்கியபோது எத்தனை நிறுவனங்கள் அலறின! வெளிநாட்டுச் சந்தாக்கள் பல மாதக்கணக்கில் தடுமாறின. ஆனாலும் விதி நின்றது. மதுரையில் இருக்கும் நம் அக்காவுக்குக் கிடைக்கும் அந்தக் குறுஞ்செய்தி, சிகாகோவில் இருக்கும் நமக்கு உரிமையாகக் கிடைப்பதில்லை. உலகத்திலேயே பணக்கார நாட்டில் வாழ்கிறோம். பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்பது பெரிய ஆசையா?

அந்த உரிமை வரும் நாளுக்கு நாம் காத்திருக்க முடியாது. இருக்கும் ஆயுதத்தை எடுக்க வேண்டும். 1974-இல் இயற்றிய நியாயமான கடன் பில் சட்டம் இன்றும் நம்மோடு இருக்கிறது. அதை எப்படிக் கையாள்வது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். பேசியவர் பெயர், நாள், நேரம், ரத்து எண் எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். "அடுத்த பெட்டி பாதி விலைக்குத் தருகிறோம்" என்று இழுப்பார்கள். அதற்குப் பதில் சொல்லாதீர்கள். பணம் திரும்பி வருகிறதா என்று வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள், 60 நாள் அந்தக் காத்திருப்பில்தான் கரையும். உடனே வங்கியிடம் போங்கள். கார்டு செயலியில் டிஸ்ப்யூட் பொத்தான் இருக்கும், தட்டுங்கள். ஆனால் அதோடு நில்லாமல் கடிதமும் எழுதுங்கள். சட்டம் உங்களுக்குத் தரும் முழுப் பாதுகாப்பும் எழுத்தில் தரும் புகாருக்குத்தான். பணம் கட்டும் முகவரிக்கு அனுப்பாதீர்கள். ஸ்டேட்மெண்ட்டில் பில் விசாரணைக்கென்று தனி முகவரி அச்சிட்டிருப்பார்கள், அதற்கு அனுப்புங்கள். பெயர், கணக்கு எண், தொகை, தேதி, ஏன் தவறு என்ற காரணம், இவ்வளவு போதும். கைப்பட எழுதினாலும் செல்லும். ஆங்கிலம் அழகாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. சான்றஞ்சலில் அனுப்பி, பெற்றுக்கொண்ட சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் வங்கி ஒப்புகை தர வேண்டும். இரண்டு பில் சுற்றுக்குள், எப்படியும் 90 நாளுக்கு மிகாமல், விசாரித்து முடிக்க வேண்டும். அதுவரை சர்ச்சைக்குரிய அந்தத் தொகையை மட்டும் நீங்கள் கட்ட வேண்டியதில்லை. மற்றதைத் தவறாமல் கட்டிவிடுங்கள்.

வங்கிக்காரர் ஒரு கேள்வி கேட்பார், அதில்தான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். "இந்த நிறுவனத்துக்கு நீங்கள் எப்போதாவது கார்டு எண் கொடுத்தீர்களா?" நேர்மையான மனிதர் "ஆமாம்" என்பார். "அப்படியானால் நீங்கள் அனுமதித்த தொகைதான்" என்று கோப்பை மூடிவிடுவார்கள். உண்மையை முழுதாகச் சொல்லுங்கள். "இந்தத் தேதியில் அனுப்பும் செலவுக்காக 4.95 டாலர் எடுக்க மட்டும் அனுமதித்தேன். அதற்குப் பிந்தைய எந்தத் தொகைக்கும் நான் அனுமதி தரவில்லை." இந்த இரண்டு வாக்கியத்தையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். அந்த விளம்பரத் தாளையோ ஸ்கிரீன்ஷாட்டையோ வைத்திருந்தால் இன்னும் வலு.

டெபிட் கார்டு என்றால் அவசரம் இரட்டிப்பு. அங்கே போவது வங்கியின் பணமன்று, உங்கள் வாடகைப் பணம். அதற்கு வேறு சட்டம், 1978-இல் வந்தது. தாமதிக்கத் தாமதிக்க உங்கள் தலையில் விழும் இழப்பு கூடிக்கொண்டே போகும். ஆகவே இலவச மாதிரி, சந்தா எதற்கும் டெபிட் கார்டு எண்ணைத் தரவே தராதீர்கள்.

கார்டை மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். தீராது. கார்டு நிறுவனங்கள் நடத்தும் புதுப்பிப்புச் சேவையின் வழியாக உங்கள் புதிய எண்ணும் காலாவதித் தேதியும் மாதச் சந்தா வியாபாரிகளுக்குப் போய்ச் சேரலாம். அந்த வியாபாரியின் பெயரைச் சொல்லி, இனி அவனுக்குப் பணம் தரக் கூடாது என்று வங்கியிடம் தனியே சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்காமல் தபாலில் வந்த பெட்டி உங்களுடையது! 1970-இன் அஞ்சல் சட்டம் அதைப் பரிசு என்கிறது. வைத்துக்கொள்ளலாம், பயன்படுத்தலாம், குப்பையில் போடலாம். அதற்குப் பில் அனுப்புவது அவர்கள் செய்யும் சட்ட மீறல். "திருப்பி அனுப்பினால்தான் பணம் வரும், அனுப்பும் செலவும் உங்களுடையது" என்று மிரட்டினால் இந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள். அப்படியே பத்து டாலருக்குள் ஒரு காசோலை தபாலில் வந்தால் பின்பக்கத்தைப் படிக்காமல் வங்கியில் போடாதீர்கள். அதை மாற்றுவதே ஏதோ ஒரு சந்தாவில் சேரும் கையெழுத்தாக இருக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்களில் சிலர் தயங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஹெச்-1பி விசாவில் இருக்கிறோம், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம், ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் வங்கியோடு எதற்கு வம்பு, கிரெடிட் ஸ்கோர் விழுந்தால் வீட்டுக் கடன் கிடைக்காதே என்ற பயம். இந்தப் பயத்தை இங்கேயே புதைத்துவிடுங்கள். இந்தச் சட்டம் குடியுரிமை கேட்பதில்லை. கார்டு வைத்திருக்கும் யாருக்கும் உரியது. சர்ச்சை விசாரணையில் இருக்கும் தொகையைக் கட்டவில்லை என்று உங்களைக் கடன் தவறியவராகப் பதிவுசெய்யவோ, பதிவுசெய்வேன் என்று மிரட்டவோ வங்கிக்கு அதிகாரம் கிடையாது. புகார் எழுதுவது வம்பும் அல்ல, யாரிடமும் கேட்கும் சலுகையும் அல்ல. சட்டம் உங்களுக்குக் கொடுத்த உரிமை.

"நான்தானே டிக் செய்தேன், என் தவறுதானே" என்று வருந்துகிறவர்களும் உண்டு. குறிப்பாகப் படித்தவர்கள், மென்பொருள் எழுதுகிறவர்கள். தங்களைப் போன்றவர் ஏமாறலாமா என்று வெட்கப்பட்டு மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. தோழரே, அந்தப் பொடி எழுத்து நீங்கள் படிக்காமல் இருப்பதற்காகவே அளவெடுத்து வைக்கப்பட்டது. எஃப்.டி.சி. 2011-இல் ஜெஸ்ஸி வில்ம்ஸ் என்ற கனடாக்காரர் மேல் வழக்குத் தொடுத்தது. அகாய் பழ மாத்திரை, பல் வெண்மைப் பொருள் என்று இலவசச் சோதனை காட்டி, கார்டில் மாதம் 79.95 டாலர்போல ஏற்றிய வியாபாரம் அது. தீர்ப்புத் தொகை 35.9 கோடி டாலர். அத்தனை கோடிக்குப் பணம் கொடுத்தவர்கள் எல்லாரும் முட்டாள்களா? உங்கள் வெட்கம் அவன் லாபம். அதை இனி அவனுக்குத் தராதீர்கள்.

பெற்றோர்கள் குறித்து எனக்குத் தனிக் கவலை உண்டு. ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அப்பா, பகல் முழுவதும் தனியே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார். மூட்டுவலி மாத்திரை இலவசம் என்று ஓர் இனிய குரல் சொல்கிறது. மகனுக்குச் செலவு வைக்காமல் வாங்கிவிடலாம் என்று நினைத்து மகன் கொடுத்திருந்த கார்டு எண்ணைச் சொல்கிறார். பிறகு விஷயம் தெரிந்ததும் குற்றவாளிபோல ஒடுங்கிப்போகிறார். அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முன்னாலேயே அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பேசுங்கள். நம் வீட்டுப் பெரியவர் தலை குனியக் காரணமானவனிடமிருந்து அந்தப் பணத்தை மீட்பது மகன் மகளின் கடமை.

தனித்தனியாகச் செய்தால் இது தனித்தனிப் பணமாகவே திரும்பும். கூடிச் செய்தால்தான் அவன் கடை மூடும். சனி ஞாயிறுகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு வெளியே காரில் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கிறோமே, அந்த இரண்டு மணி நேரம் போதும். மாதத்தில் ஒரு வாரம் ஒரு மேசையைப் போடுங்கள். அவரவர் ஸ்டேட்மெண்ட்டைக் கொண்டுவாருங்கள். கணக்கு எண்ணை மறைத்துவிட்டு, அறியாத வரிகளை மட்டும் ஒருவருக்கொருவர் காட்டுங்கள். ஒரே நிறுவனத்தின் பெயர் மூன்று வீட்டில் இருக்கக் காண்பீர்கள். ஆங்கிலம் எழுத வருபவர் மற்றவருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கட்டும். வக்கீல்கள் நம்மில் இருக்கிறார்கள், அவர்கள் ஒரு முறை வந்து பேசட்டும். ஒவ்வொரு டிஸ்ப்யூட்டோடும் மூன்று புகார்கள் போக வேண்டும். ஒன்று எஃப்.டி.சி.க்கு. அடுத்தது உங்கள் மாநில அட்டர்னி ஜெனரலுக்கு. மின்னசோட்டாவில் வங்கியை மடக்கியது ஒரு மாநில வழக்குதான் என்பதை மறக்காதீர்கள். தபாலில் வந்த சலுகை என்றால் அஞ்சல் புலனாய்வுத் துறைக்கு மூன்றாவது. ஒரு புகாருக்கு ஆணையம் எழுந்து வராது. ஒரே பெயரின் மேல் ஆயிரம் புகார் குவிந்தால் வழக்காகிறது.

அதோடு உங்கள் தொகுதிக் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். ஓட்டுரிமை இல்லாதவரும் எழுதலாம், நீங்கள் அவர் தொகுதியில் குடியிருப்பவர், வரி கட்டுபவர். கேட்க வேண்டியது இரண்டே. நீதிமன்றம் நீக்கிய விலகல் விதியைச் சட்டமாகவே இயற்றுங்கள். சந்தாத் தொகையைக் கார்டில் எடுக்குமுன் எங்களுக்குத் தகவல் அனுப்பக் கட்டாயப்படுத்துங்கள், இந்தியா அதைச் செய்து காட்டியிருக்கிறது.

தோழர்களே, இதைப் படித்து முடித்ததும் வேறு வேலைக்குப் போகாதீர்கள். ஸ்டேட்மெண்ட்டைத் திறவுங்கள். சந்தேகமான முதல் வரியைக் கண்டதும் அந்த ஸ்டேட்மெண்ட்டின் தேதியைப் பார்த்து, மிச்சம் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணுங்கள். நாளைக் காலை தபால் நிலையம் திறந்ததும் கடிதம் போய்ச் சேர வேண்டும். உங்கள் கடிதத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுத் தோழரின் கதவைத் தட்டுங்கள்.